ராப் பாட்டு திருந்திவிட்டதா?

கேள்வி: என் மகன் பிளஸ் ஒன் படிக்கிறான். ஒன்பதாம் வகுப்பு வரை இளையராஜா, ரஹ்மான் என்று கேட்டுக்கொண்டிருந்தவன். இப்போது ஹெட்போனை மாட்டினால் ராப்தான். ஒருநாள் அவன் குளிக்கப் போனபோது எடுத்துக் கேட்டேன். இங்கிலீஷ் பாட்டு, நாலு வார்த்தைக்கு ஒரு கெட்ட வார்த்தை. திட்டினேன். "அம்மா, அதெல்லாம் பழைய ராப். இப்போ எல்லாரும் பாசிட்டிவாதான் பாடறாங்க, உனக்குத் தெரியாது" என்கிறான். போன வாரம் அவனுடைய கெமிஸ்ட்ரி நோட்டின் கடைசிப் பக்கத்தில் அவனே எழுதிய ராப் வரிகளைப் பார்த்தேன். வீட்டில் எல்லாரும் இருக்கிறார்கள், ஆனால் யாரும் இல்லை என்கிற மாதிரி வரிகள். பயந்துவிட்டேன். அவன் அப்பாவிடம் சொல்லவில்லை, சொன்னால் போனைப் பிடுங்கிவிடுவார். ராப் உண்மையிலேயே மாறிவிட்டதா? இவனைக் கேட்க விடலாமா?

- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

ராப் பற்றி ஒரு கேள்வி கேட்டிருக்கிறீர்கள். கூடவே அந்த நோட்டைப் பற்றிய பயமும் கடிதத்தில் இருக்கிறது. பயத்துக்கு முதலில் ஒரு வார்த்தை: பதற வேண்டாம், அதற்காக வயசுக் கோளாறு என்று விட்டுவிடவும் வேண்டாம். என்ன செய்யலாம் என்று பின்னால் விவரமாகச் சொல்கிறேன். அவனோடு பேச உட்காரும்போது ராப் பற்றி உங்களுக்கும் கொஞ்சம் தெரிந்திருந்தால் நல்லது என்பதால் அதிலிருந்து தொடங்குகிறேன்.

நான் ராப் ரசிகன் இல்லை. இன்றைக்கும் என் காதுக்கு எழுபதுகளின் மெல்லிசைதான் ஒத்துவரும். பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆலோசனை சொல்லும் வேலைக்கு வந்த பிறகு வேறு வழியில்லாமல் கேட்கப் பழகினேன். மார்க்கைப் பற்றிக் கேட்டால் வாயே திறக்காத பையன், "என்ன பாட்டு கேக்கற?" என்றால் அரைமணி நேரம் பேசுவான். ஆரம்பத்தில் நானும் ஒரு தப்பு செய்தேன். ஒரு பையன் ஆசையாகப் போட்டுக்காட்டிய பாட்டை, கெட்ட வார்த்தை வந்ததும் நிறுத்தச் சொல்லிவிட்டேன். இருபது நொடிகூட ஓடியிருக்காது. அப்புறம் இரண்டு மாதம் அவன் என் அறைப் பக்கமே வரவில்லை.

சரி, உங்கள் மகன் சொன்னது உண்மையா? பாதிதான். பழையது கெட்டது, புதியது நல்லது என்பது அம்மாவிடமிருந்து தப்பிக்க அவன் அவசரத்தில் போட்ட கணக்கு. அந்த வயதில் நாமும் இதைத்தான் சொல்லியிருப்போம்.

நியூயார்க்கில் பிராங்க்ஸ் என்று ஒரு பகுதி. அங்கே செட்ஜ்விக் அவென்யூ 1520ஆம் எண் அடுக்குமாடியில், 1973 ஆகஸ்ட் 11 அன்று, சிண்டி கேம்பல் என்ற பெண் ஒரு விருந்து வைத்தாள். நுழைவுக் கட்டணத்தில் காசு சேர்த்து, பள்ளி திறப்பதற்குள் புதுத்துணி வாங்க வேண்டும் என்பதுதான் திட்டம். இசைத்தட்டு போட்டவர் அவளுடைய அண்ணன் கூல் ஹெர்க். ராப்பைப் பெற்றெடுத்த ஹிப்ஹாப்பின் பிறந்தநாள் என்று இன்று உலகம் கொண்டாடுவது அந்த நாளைத்தான். முதலில் வந்த பாட்டுகளில் பெரும்பாலும் ஆட்டமும் கொண்டாட்டமும்தான். 1982இல் கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ் குழுவின் 'தி மெசேஜ்' வந்தபோதுதான் ராப்புக்கு இன்னொரு முகம் கிடைத்தது. 'செய்தி' என்பதுதான் அந்தப் பாட்டின் பெயரே. உடைந்த கண்ணாடி, எலி, கரப்பான் பூச்சி, கடன்காரன் என்று சேரி வாழ்க்கையை அடுக்கிக்கொண்டே போய், சிறையில் தூக்கில் தொங்கும் ஓர் இளைஞனில் முடியும். இதைப் பாசிட்டிவ் என்பதா, நெகட்டிவ் என்பதா? ராப் வரலாற்றை எழுதுகிறவர்கள் இந்தப் பாட்டைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறார்கள்.

எண்பதுகளின் கடைசிக்கு வந்தால் இரண்டு முகமும் ஒரே வருடத்தில் தெரிகின்றன. லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்தில் காம்ப்டன் என்ற ஊரிலிருந்து வந்த என்.டபிள்யூ.ஏ. குழு, போலீஸின் அடிதடியை எதிர்த்து ஆத்திரத்தோடு பாடியது. பெண்களைக் கேவலமாகவும் பாடியது. 1989இல் அமெரிக்காவின் மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. அவர்களுடைய இசை நிறுவனத்துக்குக் கண்டனக் கடிதமே அனுப்பியது. அதே 1989இல் நியூயார்க்கில் கே.ஆர்.எஸ்-ஒன் என்ற ராப்பர், தன் கூட்டாளி ஸ்காட் லா ராக் இரண்டு வருடம் முன்பு சுட்டுக் கொல்லப்பட்ட துயரத்தில், பல ராப்பர்களை ஒன்று சேர்த்து வன்முறைக்கு எதிராக ஒரு பாட்டு வெளியிட்டார். அதில் வந்த பணம் நேஷனல் அர்பன் லீக் என்ற சமூக அமைப்புக்குப் போனது. ஆக உங்கள் மகன் 'பழைய ராப்' என்று சொன்னால், எந்தப் பழையது என்று நீங்கள் திருப்பிக் கேட்கலாம்.

டூபாக் ஷகூர் என்ற பெயரை அவன் கட்டாயம் கேள்விப்பட்டிருப்பான். போதைக்கு அடிமையாகி மீண்ட தன் தாய்க்கு நன்றி சொல்லி அவர் 1995இல் வெளியிட்ட பாட்டை, அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் பாதுகாக்க வேண்டிய ஒலிப்பதிவுகளின் பட்டியலில் சேர்த்திருக்கிறது. அவரே வேறு பாட்டுகளில் பெண்களைப் பேசியிருக்கும் விதத்தை இங்கே எழுத முடியாது. 1996இல் லாஸ் வேகஸில் சுடப்பட்டு இறந்தபோது அவருக்கு வயது 25. இது ஏதோ அமெரிக்க விசித்திரம் என்று நினைக்காதீர்கள். தாயின் சிதையருகே நின்று கல்லும் கரையப் பாடிய பட்டினத்தாரே இன்னொரு பக்கம் பெண்களைத் திட்டித் தீர்த்திருக்கிறார். நாம் முதல் பாட்டை மனப்பாடம் செய்கிறோம், மற்றதைக் கண்டுகொள்வதில்லை. ராப் கேட்கும் பிள்ளைகளும் அதைத்தான் செய்கிறார்கள் என்று சொல்ல ஆசைதான். எல்லாரும் அப்படிச் செய்வதில்லை என்பதால்தான் நீங்கள் எனக்குக் கடிதம் எழுத வேண்டியிருக்கிறது.

அப்படியானால் எதுவுமே மாறவில்லையா? மாறியிருக்கிறது. ஆனால் அதற்குப் பாசிட்டிவ் என்று பெயர் வைப்பது தப்பு என்பது என் கருத்து. ராப்பர்கள் வலியை வலி என்றே சொல்ல ஆரம்பித்திருக்கிறார்கள், அவ்வளவுதான். முன்பு அது கோபமாகவோ பெருமையடிப்பாகவோ வேஷம் போட்டுக்கொண்டு வரும். இப்போது வேஷம் கொஞ்சம் கலைந்திருக்கிறது. 1998 முதல் 2018 வரை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை அமெரிக்காவில் அதிகம் ஓடிய 125 ராப் பாட்டுகளை எடுத்து, வட கரோலினா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வரி வரியாகப் படித்தார்கள். 1998இன் பாட்டுகளில் மனச்சோர்வைப் பற்றிப் பேசியவை 16 சதவீதம். 2018இல் அது 32. தற்கொலை எண்ணத்தைப் பற்றிய பேச்சும் கூடியிருந்தது. இந்தக் கணக்கை ஒரு தாய் எப்படிப் படிப்பார் என்று எனக்குத் தெரியும். 'ஐயோ, இதைத்தான் என் பிள்ளை கேட்கிறானா' என்று நெஞ்சு படபடக்கும். கொஞ்சம் பொறுங்கள்.

2017இல் லாஜிக் என்ற ராப்பர் ஒரு பாட்டு வெளியிட்டார். அதன் தலைப்பு ஒரு தொலைபேசி எண். அமெரிக்காவின் தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணையே தலைப்பாக வைத்துவிட்டார். சாக நினைக்கும் ஒருவன் அந்த எண்ணை அழைக்கிறான், மறுமுனையில் ஒருவர் பேசுகிறார், கடைசியில் அவன் வாழ நினைக்கிறான். கதை இவ்வளவுதான். முதல் பாதியை மட்டும் கேட்டால் எந்த அம்மாவும் ஹெட்போனைப் பிடுங்கிவிடுவார். பிறகு ஆய்வாளர்கள் கணக்குப் பார்த்தார்கள். அந்தப் பாட்டு மக்களிடம் மிக அதிகமாகப் பேசப்பட்ட 34 நாட்களில் அந்த எண்ணுக்கு வழக்கத்தைவிட 9,915 அழைப்புகள் கூடுதலாக வந்திருந்தன. எதிர்பார்த்ததைவிட 245 தற்கொலைகள் குறைந்திருந்தன என்பது அவர்களுடைய மதிப்பீடு. 2021இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியான ஆய்வு இது. பாட்டுதான் அத்தனை பேரையும் காப்பாற்றியது என்று அடித்துச் சொல்ல முடியாது, அந்த ஆய்வும் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் சாவைப் பற்றிப் பாடினாலே கேட்கிறவன் சாக நினைப்பான் என்ற பயத்துக்கு இது ஒரு பதில். எப்படிப் பாடுகிறார்கள், பாட்டு எங்கே கொண்டுபோய் விடுகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். நம் ஊர் ஒப்பாரி அழுகையைக் கூட்டுவதற்காகவா இருக்கிறது?

இதே காலத்தில் வேறு சிலரும் வாய் திறந்தார்கள். கிட் கடி 2016இல் மனச்சோர்வுக்காகச் சிகிச்சையில் சேர்ந்து, அதை மறைக்காமல் ரசிகர்களுக்குக் கடிதமாக எழுதினார். போதைப்பொருள் விற்ற நாட்களைப் பாடியே பெரிய ஆளான ஜே-சி, 2017இல் மனைவிக்குச் செய்த துரோகத்துக்கு ஓர் ஆல்பத்திலேயே மன்னிப்புக் கேட்டார். மனநல ஆலோசகரிடம் போய்வந்ததையும் வெளிப்படையாகப் பேசினார். என் அறைக்கு வரக் கூச்சப்படும் பையன்களிடம் இதைச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். நான் சொல்லும் எதையும்விட இது வேலை செய்கிறது.

ஆனால் இதே புது அலையில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. கெட்ட வார்த்தையைவிட எனக்கு இதுதான் கவலை. வலியைப் பாடியவர்களில் பலர், அந்த வலிக்கு மருந்தாக மாத்திரையையும் பாடினார்கள். லில் பீப் 2017இல் 21 வயதில், மேக் மில்லர் 2018இல் 26 வயதில், ஜூஸ் வேர்ல்ட் 2019இல் 21 வயதில் போனார்கள். மூவருமே போதை மருந்தால்தான். ஜூஸ் வேர்ல்டின் பாட்டுகளில் கெட்ட வார்த்தையைவிட அழுகைதான் காதில் விழும். மெலடியாக இருக்கும், நீங்கள் கேட்டால் 'பாவம் பிள்ளை' என்பீர்கள். வரிக்குள்ளே மாத்திரை இருக்கும். நம் ஊரிலும் வலி மாத்திரையையும் இருமல் மருந்தையும் தவறாகப் பயன்படுத்தும் பையன்களை நான் பார்க்கிறேன். ஆகவே உங்கள் மகனின் பாட்டுகளில் எதைக் கவனிக்க என்று கேட்டால், கெட்ட வார்த்தையை எண்ணிக்கொண்டிருக்காதீர்கள் என்பேன். மாத்திரை வருகிறதா, பெண்ணை மனுஷியாகப் பேசுகிறார்களா என்று பாருங்கள்.

கெட்ட வார்த்தைக்கு ஓர் அடையாளம் ஏற்கெனவே இருக்கிறது. போனில் பாட்டின் பெயருக்குப் பக்கத்தில் சின்னதாக 'ஈ' என்ற ஆங்கில எழுத்து இருக்கும், பார்த்திருப்பீர்கள். அது வந்ததற்கும் உங்களைப் போன்ற ஒரு அம்மாதான் காரணம். எண்பதுகளில் டிப்பர் கோர் என்ற பெண்மணி, தன் மகளுக்கு வாங்கிக் கொடுத்த ஆல்பத்தில் ஒரு பாட்டைக் கேட்டு அதிர்ந்துபோனார். அவர் கணவர் செனட்டர். 1985இல் இது செனட் விசாரணை வரைக்கும் போய், ஆல்பங்களில் எச்சரிக்கை ஸ்டிக்கர் ஒட்டும் வழக்கம் வந்தது. அந்த ஸ்டிக்கரின் வாரிசுதான் இந்த 'ஈ'. 2018இல் இசைக்கான புலிட்சர் பரிசு வாங்கிய ராப்பர் கென்ட்ரிக் லமாரின் ஆல்பத்திலும் இந்த 'ஈ' இருக்கிறது. கிளாசிக்கல், ஜாஸ் தவிர வேறெந்த இசைக்கும் அதற்கு முன் கிடைக்காத பரிசு அது. வேண்டாம் என்று சொல்லும் பெண்ணின் பின்னாலேயே சுற்றுவதைக் காதல் என்று பாடும் நம் சினிமாப் பாட்டுகளில் எந்த எழுத்தும் இல்லை. குடும்பத்தோடு உட்கார்ந்து கேட்கிறோம்.

அந்த கென்ட்ரிக்தான் 2024இல் டிரேக் என்ற இன்னொரு நட்சத்திரத்தைக் கிழித்துத் தொங்கவிட்டு ஒரு பாட்டு போட்டார். 2025இல் அதற்கு ஐந்து கிராமி விருதுகள். பாசிட்டிவாக மாறிவிட்டது என்று உங்கள் மகன் சொன்னால், இதை என்ன செய்வது என்று அவனிடமே கேளுங்கள். நிச்சயம் பேசுவான், ஒருவேளை இரண்டு மணி நேரம்கூட. இந்தச் சண்டையில் எனக்குப் பிடித்தது ஒரு சின்ன விஷயம். ஜே. கோல் என்ற ராப்பரும் முதலில் கென்ட்ரிக்கைத் தாக்கி ஒரு பாட்டு வெளியிட்டார். இரண்டே நாளில், தன் சொந்த இசை விழா மேடையில் ஏறி, அது மனதை உறுத்துகிறது, செய்தது தவறு என்று சொல்லிவிட்டார். சில நாளில் அந்தப் பாட்டையும் எடுத்துவிட்டார். கோழை என்று இணையம் முழுக்கக் கேலி. பதினாறு வயதுப் பையன்களிடம் நான் இந்தக் கதையைச் சொல்லி, 'நீயா இருந்தா என்ன பண்ணியிருப்ப?' என்று கேட்பேன். வகுப்பு இரண்டாகப் பிரிந்துவிடும்.

தமிழ் ராப்பையும் அவன் கேட்கிறான் என்றால் உங்களுக்கு வழி இன்னும் சுலபம். மலேசியாவின் யோகி பி, நட்சத்ரா குழு 2006இல் 'வல்லவன்' ஆல்பம் கொண்டுவந்த நாளிலிருந்து இதற்கும் ஒரு வரலாறு இருக்கிறது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து, திரும்பி வந்தும் கையகல நிலம் இல்லாத தன் பாட்டி வள்ளியம்மாளை மனதில் வைத்து ராப் பாடகர் அறிவு எழுதிய 'எஞ்சாயி எஞ்சாமி' 2021இல் வந்தது. அதைக் கேட்காத வீடு இருந்திருக்காது. நீங்களும் முணுமுணுத்திருப்பீர்கள், ராப் என்று தெரியாமலே.

இனி நோட்டுக்கு வருகிறேன்.

எழுதுகிற பிள்ளை பெரும்பாலும் எழுதாத பிள்ளையைவிட ஒரு படி மேலான நிலையில் இருக்கிறான். மனதில் இருப்பதற்கு ஒரு வடிவம் கொடுக்க அவனுக்குத் தெரிகிறது. அதற்கு ராப்தான் கருவி கொடுத்திருக்கிறது என்றால், அந்த ஒரு விஷயத்தில் நான் ராப்புக்குக் கடமைப்பட்டிருக்கிறேன். ஆனால் அந்த வரி வெறும் கவிதையா, இல்லை உண்மையிலேயே அவன் தனியாக இருக்கிறானா என்பதை நீங்களோ நானோ ஊகிக்க முடியாது. கேட்டால்தான் தெரியும்.

கேட்பதற்கு முன்னால் உங்கள் பக்கத்தைச் சுத்தம் செய்துகொள்ளுங்கள். ஹெட்போனை எடுத்துக் கேட்டீர்கள், நோட்டைப் படித்தீர்கள். இரண்டும் அவனுக்குத் தெரியாமல். தற்செயலாகக் கண்ணில் பட்டது என்று பொய் சொல்லாதீர்கள், அவர்களுக்கு உடனே தெரிந்துவிடும். "உன் நோட்டோட கடைசிப் பக்கத்தைப் படிச்சேன். உன்னைக் கேக்காமப் படிச்சது என் தப்புதான். ஆனா அந்த வரி அன்னிலேருந்து மனசுல ஓடிட்டே இருக்கு, அதான் கேக்கறேன்" என்று சொல்லுங்கள். எதிரெதிரே உட்கார்ந்து சொல்ல வேண்டாம். பஸ் ஸ்டாண்டுக்கு வண்டியில் போகும்போது, சமையலுக்கு அவன் வெங்காயம் உரித்துத் தரும்போது என்று முகம் பார்க்காத நேரம் நல்லது. முதலில் கோபப்படுவான். படட்டும். அந்த வரி நன்றாக இருக்கிறது என்று நீங்கள் நினைத்தால் அதையும் சொல்லுங்கள்.

பிறகு நேராகக் கேளுங்கள்: "வாழ்ந்து என்ன ஆகப்போகுதுன்னு எப்பவாவது தோணுதா?" இந்தக் கேள்வியைக் கேட்டால் இல்லாத எண்ணத்தை விதைத்துவிடுவோம் என்று பல பெற்றோர் பயப்படுகிறார்கள். அப்படி ஆவதில்லை. யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருக்கும் பிள்ளைக்கு அது மூச்சு விட்ட மாதிரி இருக்கும். 'இல்லம்மா, சும்மா எழுதினேன்' என்றால் நம்புங்கள், கூடவே கண்ணையும் திறந்து வைத்திருங்கள். தூக்கம் தலைகீழாகிறதா, சாப்பாடு குறைகிறதா, நெருங்கிய நண்பர்களை விட்டு விலகுகிறானா, ஆசையாக வைத்திருந்த பொருட்களை யாருக்காவது கொடுத்துவிடுகிறானா என்று பாருங்கள். 'ஆமாம்' என்று சொன்னால் அழாதீர்கள், அறிவுரையும் வேண்டாம். சொன்னதற்கு நன்றி சொல்லுங்கள், தனியாக விடாதீர்கள், அன்றைக்கே உதவி தேடுங்கள். அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416, இலவசம், இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். அவனுக்காக நீங்களும் அழைக்கலாம். மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கும் போகலாம். இந்த எண்ணை அவன் போனிலும் பதிந்து வையுங்கள். லாஜிக் எதற்காக ஒரு எண்ணைத் தலைப்பாக வைத்தார் என்று அவனுக்கே தெரிந்திருக்கும்.

அவன் அப்பாவிடம் சொல்லுங்கள். 'வீட்டில் யாரும் இல்லை' என்று பையன் எழுதியிருக்கும்போது, அப்பாவிடம் ஒளிப்பது அந்த வரியை உண்மையாக்கும். ஆனால் நோட்டைக் காட்டுவதற்கு முன் மகனிடம் கேட்டுக்கொள்ளுங்கள். போனைப் பிடுங்குவதைப் பற்றி உங்கள் கணவரிடம் நான் ஒன்றுதான் சொல்வேன்: போன் போனாலும் பாட்டு நின்றுவிடாது. பக்கத்துப் பெஞ்சுப் பையனின் போனில் தொடரும், உங்கள் காதுக்கு எட்டாமல். இரவு பத்தரைக்கு மேல் போன் ஹாலில் சார்ஜில் இருக்க வேண்டும் என்பது வேறு விஷயம். அது தூக்கத்துக்கான விதி, உங்கள் இரண்டு பேர் போனுக்கும் சேர்த்துத்தான்.

கேட்க விடலாமா என்று கேட்டிருந்தீர்கள். விடுங்கள். முடிந்தால் வாரத்துக்கு ஒரு பாட்டை உங்களுக்குப் போட்டுக்காட்டச் சொல்லுங்கள். எதைப் போடுவது என்பது அவன் விருப்பம். கெட்ட வார்த்தை வந்தாலும் கடைசி வரை கேளுங்கள், நான் செய்த தப்பை நீங்கள் செய்யாதீர்கள். முடிந்ததும் அர்த்தம் கேளுங்கள். பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று சொல்லுங்கள், 'அந்தப் பொண்ண ஏன்டா அப்படிப் பேசறான்?' என்று கேளுங்கள். அடுத்த வாரம் உங்கள் பாட்டு ஒன்றை அவன் கேட்க வேண்டும். அதிலும் அவன் குற்றம் கண்டுபிடிப்பான், தயாராக இருங்கள்.

ஒரு மாதம் கழித்து எப்படி இருக்கிறான் என்று எழுதுங்கள். அவன் முதலில் போட்டுக்காட்டிய பாட்டின் பெயரையும் மறக்காமல் எழுதுங்கள். பிள்ளைகள் சொல்லிச் சொல்லி என்னிடம் ஒரு பட்டியல் சேர்ந்திருக்கிறது, அதில் சேர்த்துக்கொள்கிறேன்.